பெருவிரல் கட்டு

"...செத்தவங்களுக்குக் கட்டுததுல்லா அது, உசுரோட இருக்கவங்க கட்டப்படாது, அவுத்துருங்க, மொதல்ல அத அவுத்துருங்க, விளக்கு வைக்கிற நேரத்துல இப்படியா கெடக்கது..."

கஞ்சித் தூக்குச்சட்டியோடு வார்டு வாசலில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரி செண்பகம் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. சத்தமாகச் சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும் என்பது போல, தொண்டைக்குள்ளேயே சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் முதலில் பார்த்தது அவள் முகத்தை, பிறகுதான் என் காலை.

தென்காசியில் ஒரு மருத்துவமனை, சன்னலை ஒட்டின கட்டில். என் கையில் ஊசி, தலைக்கு மேலே கம்பியில், பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்தில் ஒரு குப்பி. கீழே, என் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, துண்டின் கரையைக் கிழித்து நானே கட்டியிருந்தேன். ஊசி போட்ட கையை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டினேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. ஏன் கட்டினேன் என்பதை மட்டும் சொல்ல முடியும். என்னைப் போல் கால் உள்ளவர்கள் ஊருக்குள் இன்னும் இருப்பார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புளியறைச் சாலையில் சாயாக்கடை வைத்திருக்கிறேன். வீடு இலத்தூரில். கடை அய்யா போட்டது. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். சோதனைச்சாவடிக்காக வரிசையில் நிற்கிற லாரிக்காரர்கள்தான் எங்களுக்குப் படியளக்கிற சாமிகள். பகல் முழுக்க நின்று செய்கிற வேலை என்பதால் பகலில் காலுக்கு ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்து, அக்கடா என்று உட்கார்ந்தால்தான் ஆரம்பிக்கும்.

அது வலி இல்லை. வலி என்றால் சொல்லிவிடலாமே. மரத்துப்போவதும் இல்லை, அரிப்பும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வரும்போது ஒரு விளிம்பு எழும்புமே, அது எலும்புக்குள் எழும்பும். எழுந்து நடந்தால் தணலைக் குறைத்த மாதிரி அடங்கும். திரும்பப் படுத்தால் திரும்பப் பொங்கும். பால் என்றால் ஒரு நேரம் வற்றிப்போகும். இது வற்றுவதில்லை. விடியப்போகிற நேரத்தில்தான் போனால் போகிறது என்று என்னை விடும். அந்த நேரத்தில் நான் கடை திறக்கப் போகவேண்டும்.

இதே கால்தான் அய்யாவுக்கும்.

சாப்பிட்டுப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பார். அம்மா அவர் பின்னால் கதவைச் சாத்தி நாதாங்கி போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். பாயில் கிடந்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சரட்... சரட்... அந்தச் சத்தம் தெருக்கோடிக்குப் போய்த் தேய்ந்து இல்லாமல் ஆகும். இல்லாமல் ஆன அந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வரும். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல" என்றார்கள் சிலர். உட்கார்ந்து காலாட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று அம்மாவே சொல்லிக் காட்டுவாள். ஏன் நடக்கிறாய் என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. கூட நடந்தவர்களும் யாரும் இல்லை.

கடைசியில் வயிற்றில் என்னமோ வந்து, அதற்குப் பெயர் தெரிவதற்குள் போய்விட்டார். கிடத்தினபோது மூத்தவன் என்பதால் நான்தான் கோடித்துணியில் கரை கிழித்து அவர் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன். சித்தப்பா அழுதுகொண்டே சொன்னார்: "நல்லா இறுக்கிக் கட்டுலே. ஒங்கய்யன நம்ப முடியாது, எந்திரிச்சு நடந்துருவான்."

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கால்கள் அப்படி அசையாமல் இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்த்து எனக்கு வராத அழுகை, அந்தக் காலைப் பார்த்து வந்தது.

கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் எனக்கு ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது வரும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. கடைசியில் தினமும். செண்பகம் ஆரம்பத்தில் வைதாள். "கெடக்க மாட்டியளா ஒரு எடத்துல? மனுசி தூங்க வேண்டாமா?" என்பாள். ஒரு தடவை நான் நடந்துவிட்டு வந்து படுத்ததும், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"கட்டின காலு எங்க போவும்? கட்டினவங்ககிட்டதான் வந்திருக்கு."

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் நடக்கும்போது என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னாலும் கேட்கிற மாதிரி இருக்கும். நின்று பார்ப்பேன். நின்றால் கால் பொங்கும். பயந்தவனுக்கு நிற்கக்கூட வழியில்லை என்றால் அவன் என்ன செய்வான்?

'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்பார்கள். செண்பகம் பேய்க்குப் பார்த்தாள். கோயிலில் ஓதி வாங்கி வந்த கறுப்புக் கயிறு ஒன்று என் கணுக்காலில் ஏறியது. நோய்க்குப் பார்த்தது முருகேசன். செண்பகத்தின் தம்பி. செங்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். உலகத்து வைத்தியம் எல்லாம் அவன் கைக்குள்தான் இருக்கிறது. பேசிக்கொண்டே செல்லைத் தேய்ப்பான், தேய்த்துக்கொண்டே பேசுவான்.

"அத்தான், இது தாது உப்புக் கொறச்சல். மெக்னீசியம் போட்டா தசை தளரும். துத்தநாகம், கால்சியம், இரும்பு, எல்லாத்தையும் சேத்தே போட்டுருவோம். எது கொறச்சலோ அது நெறஞ்சிட்டுப் போவுது."

"கொறச்சல் இல்லாதது என்னலே செய்யும்?"

"அது வெளிய போயிரும், அத்தான்."

வெளியே போனது உண்மைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு மாத்திரைகளையும் காலையில் கடை திறந்ததும் ஒரே வாயில் போட்டு, முதல் ஆத்து சாயாவை ஊற்றி விழுங்குவேன். சாயாக்கடைக்காரன் மாத்திரை விழுங்கத் தண்ணீர் தேடுவானா? மெக்னீசியம் ஆரம்பித்த புதிதில் கால் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. அடங்கவேண்டும் என்ற ஆசைதான் அப்படிக் காட்டியது என்று இப்போது நினைக்கிறேன். வாரம் போவதற்குள் பழையபடி ஆனது. இதற்கு நடுவில் கால் உளைச்சலுக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கின வலி மாத்திரை வேறு. அதையும் வெறும் வயிற்றில், சாயாவில்.

பிறகு முருகேசன் பேதி உப்பு வாங்கி வந்தான். அதுவும் மெக்னீசியம்தானாம். வெந்நீரில் கரைத்துக் காலை ஊறவைக்கச் சொன்னான். ஊறுகிற வரைக்கும் சொர்க்கமாக இருந்தது. தூக்கினால் பழைய கதை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வெளியே ஊறினதற்கே இவ்வளவு சுகம் என்றால், உள்ளே போனால்? சின்ன வயதில் அம்மா இதே உப்பைக் கரைத்துக் கொடுத்து வயிறு கழுவிவிட்டது நினைவில் இருந்ததால், குடிக்கலாமா என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. மாத்திரையையும் விடாமல் உப்பையும் குடித்தேன். தினமும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கடைச் சுவரில் எழுதிவைத்தவன் நான்தான்.

குற்றாலத்தில் அப்போது சாரல் காலம். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்கிற நேரம் அருவிக்குப் போய், எல்லாரும் தலையைக் கொடுக்கிற இடத்தில் நான் காலைக் கொடுப்பேன். ஓரமாக விழுகிற தாரையில், பாறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிவிடுவேன். தண்ணீர் அடிக்கிற அடியில் உள்ளே பொங்குகிறது மறந்துபோகும். அன்றைக்கும் அப்படித்தான் போனேன். காலையிலிருந்து வயிறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. காலை நீட்டினேன். அருவிச் சத்தம் திடீரென்று தூரத்துக்குப் போனது.

கண் விழித்தபோது எண்ணெய் தேய்க்கிற ஒரு பெரியவர் மடியில் என் தலை இருந்தது. முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீரு புளியறை சாயாக்கடைக்காரரு மவன்லா? ஒம்ம அய்யாவும் இதே பாறையிலதான் வே காலை நீட்டிக்கிட்டுக் கெடப்பாவ."

சாரலில் நனைந்து கிடந்தவனுக்கு அப்போதுதான் குளிர் எடுத்தது. அய்யா குற்றாலம் போவார் என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆட்டோவில் தென்காசிக்கு வந்தோம். பேதியில் உடம்பின் தண்ணீரும் பொட்டாசியம் என்கிற உப்பும் ஏகமாக இறங்கியிருந்தன. பொட்டாசியம் குறைந்தால் நெஞ்சுத் துடிப்பே தடுமாறுமாம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பெட்டியில் பார்த்தார்கள். மெக்னீசியம் அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறதா, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் தப்பியது. முருகேசன் என் கட்டிலுக்குக் கீழே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நான் கேட்காமலே என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். "செல்லு தேய்க்கிற கையில கொஞ்சம் தெம்பு வேணும்லே" என்றேன். அவன் சிரிக்கவில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுத் தலையணையோடு வந்து அங்கேயே தங்கிவிட்டான்.

டாக்டரம்மா சின்ன வயது. பேச்சில் நம்ம ஊர் வாசம் அடித்தது. மறுநாள் வந்து, நான் காலை ஆட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது வரும், நடந்தால் அடங்குமா, படுத்தால் கூடுமா என்று கேட்டார். இத்தனை வருசத்தில் முதல்முதலாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"இதுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்னு பேரு அண்ணாச்சி. ஓய்வில்லாத காலு. கால்ல கோளாறு இல்ல. மூளையிலருந்து காலுக்குப் போற சேதியில கோளாறு. அந்தச் சேதிக்கு இரும்பு வேணும். மாத்திரைய எதுல முழுங்குனீங்க?"

"சாயாவுல."

"நாலையுமா?"

"ஒரே வாயில, தாயி."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். சாயாவின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம், இரத்தத்தில் சேர விடாதாம். கால்சியமும் அதே வேலையைச் செய்யுமாம். நான் இரும்பையும் தின்று, அதற்குக் காவல்காரர்களையும் கூடவே அனுப்பியிருக்கிறேன்.

ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். சோகை இருக்கிறதா என்று சாதாரணமாகப் பார்ப்பது கடையில் இருக்கிற சரக்கை. ஃபெரிட்டின் என்பது கிட்டங்கியில், அதாவது குடோனில், இருக்கிற சரக்கு. என் கடையில் ஏதோ கொஞ்சம் இருந்தது. கிட்டங்கி கூட்டிப் பெருக்கின மாதிரிக் காலியாகக் கிடந்தது.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் சொல்லிவிட்டாள். "இவுக அய்யாவுக்கு இருந்துச்சும்மா. அவிய செத்த பொறவு இவுகளுக்கு வந்துட்டு."

"செத்த பொறவு வரல, அம்மா. பொறக்கும்போதே குடுத்துட்டாங்க. இது சில குடும்பத்துல வழிவழியா வரும்."

செண்பகம் என்னைப் பார்த்தாள். பேய் இல்லை என்று கேட்டதும் அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. பேய் என்றால் ஓட்டிவிடலாம். இரத்தத்தில் இருக்கிறதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது?

அடுத்ததாக டாக்டரம்மா சொன்னதுதான் எங்களை உட்கார வைத்தது. இந்த வயதில் ஓர் ஆம்பளைக்கு இரும்பு இவ்வளவு குறைந்தால், சாயாவை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாதாம். உள்ளே எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். அய்யா எதில் இறந்தார் என்று கேட்டார். "வயித்துல என்னமோ" என்றேன். அந்த 'என்னமோ'வை அவர் எழுதிக்கொண்டார்.

எண்டோஸ்கோப்பி என்பது வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கிற கண்ணால் இரைப்பையைப் பார்ப்பது. தொண்டை மரக்க மருந்து அடித்துவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கிற இடம் இருக்கிறதே, மருத்துவமனையில் நோயை விடப் பெரிய நோய் அது. உட்கார்ந்தால் கால் விடாது. நடந்தால் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் கண் என் கூடவே நடக்கும். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், "அண்ணாச்சி, நீங்க நடக்கதப் பாத்து எனக்கும் பயமா இருக்கு, செத்த உக்காருங்க" என்றாள். உட்கார்ந்து காலைக் காலால் மிதித்துக்கொண்டேன். குழாயை விட்டுப் பார்த்ததில் இரைப்பைக்குள் புண் ஒன்று இருந்தது. அதிலிருந்து கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், நல்ல புண்ணா கெட்ட புண்ணா என்று வந்ததும் சொல்வதாகவும் சொன்னார்கள்.

ஆக, அய்யாவின் கால் எனக்கு. அய்யாவின் வயிறும் எனக்கா?

அது தெரியாமல் கிடந்த ஒரு சாயங்காலத்தில்தான் இரும்பை இரத்தக் குழாய் வழியாக ஏற்ற ஆரம்பித்தார்கள். வயிற்றில் புண் இருப்பதால் மாத்திரை வேண்டாம் என்றார்கள். குப்பியில் அது கட்டன்சாயா போலவே இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சாயா குடித்து இழந்ததைச் சாயா நிறத்திலேயே திருப்பித் தருகிறார்கள் என்று செண்பகத்திடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுக் கஞ்சி வாங்கப் போனாள். முருகேசன் கடை அடைக்கப் போயிருந்தான். சொட்டு இறங்குகிற வரைக்கும் அசையாமல் கிடக்கவேண்டும், ஊசி நழுவினால் தோலுக்கடியில் கறை பிடித்துவிடும் என்று நர்ஸ் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

சன்னலுக்கு வெளியே கோபுரம் கறுத்துக்கொண்டு வந்தது. வார்டில் விளக்குப் போட்டார்கள். கால் பொங்க ஆரம்பித்தது.

முதலில் பல்லைக் கடித்தேன். போர்வையைச் சுற்றினேன். வலது காலை இடது காலால் அழுத்தினேன். குப்பியைப் பார்த்தால் பாதி கூட இறங்கவில்லை. கால் தானாகத் துள்ளியது, கட்டில் ஆடியது, ஊசி போட்ட இடம் சுருக்கென்றது. பக்கத்துக் கட்டில்காரர் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுத்தார். அப்போது வெளியே நடைபாதையில் யாரோ செருப்பை இழுத்து நடந்து போனார்கள். சரட்... சரட்... கோடிக்குப் போய்த் தேய்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அது திரும்பி வரவில்லை.

அசையாத காலை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது எப்படி அசையாமல் இருந்தது என்பதும் என் கைக்குத் தெரியும். துண்டின் கரையைக் கிழித்தேன். அய்யாவுக்குப் போட்ட அதே முடிச்சு. இறுக்கினதும் கால் கொஞ்சம் அடங்கவும் செய்தது. அதுதான் பயங்கரம். அடங்கின காலைப் பார்த்துக்கொண்டு, தலையை எந்தத் திசையில் வைத்துக் கிடக்கிறோம் என்று யோசித்தேன். தெற்கே.

இதற்கு அப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். புண் நல்ல புண்தான். வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரைகளின் வேலை. புண் ஆற மருந்து கொடுத்தார்கள். இரும்பு இன்னும் சில தடவை ஏற்றினார்கள். கால் உடனே அடங்கிவிடவில்லை. வாரங்கள் ஆகின. கிட்டங்கி நிறைய நிறைய ஒவ்வொரு சாயங்காலமாக விட்டுக்கொடுத்தது. இப்போதும் மாதத்தில் ஒரு தடவை அய்யா வந்து பார்த்துவிட்டுப் போகிற மாதிரி லேசாகப் பொங்கும். வந்தால் வரட்டும். மெக்னீசியம் சிலருக்குக் கேட்கலாம். எனக்குக் கேட்கவில்லை. எது குறைச்சல் என்று இரத்தத்தைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தொடுங்கள், முருகேசனைக் கேட்காதீர்கள். அவனே இப்போது அப்படித்தான் சொல்கிறான். சாயாவை நான் விடவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. செண்பகத்துக்குத் தெரிந்ததெல்லாம், வாசலில் நிற்கிற தன் கண்ணுக்கு முன்னால், தெற்கே தலை வைத்து, பெருவிரல் கட்டி, விளக்கு வெளிச்சத்தில் புருசன் மல்லாந்து கிடக்கிறான் என்பதுதான்.

"என்னால முடியல செண்பகம்" என்றேன். "அசையக்கூடாதுன்னாவ."

அவள் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள். வந்து கட்டில் காலடியில் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் வரவில்லை என்றதும் முகத்தை என் காலோடு வைத்துப் பல்லால் கடித்து இழுத்தாள். அறுந்த துணியை எடுத்துச் சன்னலுக்கு வெளியே எறிந்தாள். கால் இரண்டும் விடுபட்டுத் துள்ளின.

"எந்திரிங்க" என்றாள்.

"கையில ஊசி கெடக்குடி."

"கெடக்கட்டும். நடக்கத்தான காலு? நடங்க. எம்புட்டு வேணும்னாலும் நடங்க. நான் வாரேன்."

கம்பியில் இருந்து குப்பியைக் கழற்றினாள். ஒரு கையால் என் ஊசிக் கையைத் தாங்கி, மறு கையால் குப்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் நடைக்குத் தன் நடையைச் சேர்த்து, நடைபாதையின் கோடி வரைக்கும் நடந்தாள். கோடியில் திரும்பி, மறுபடியும் நடந்தாள்.